மண்ணெண்ணெய்ச் சத்தம்

ரதி கார் வாங்கிய கதையைச் சொல்கிறேன், பிள்ளைகள். காரைப் பற்றி ஒன்றும் தெரியாதே என்று நீங்கள் யோசிக்க வேண்டாம், எனக்கும் தெரியாது. அந்தக் காரின் பின் சீற்றில் இருந்து வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போய் வந்தவள் நான், அவ்வளவுதான். மிச்சத்தை ரதி ஒரு நாளும் அவளுடைய அத்தான், அதாவது அவள் புருசனின் தமையன், இன்னொரு நாளும் என் குசினியில் இருந்து தேத்தண்ணி குடித்தபடி சொன்னார்கள். இரண்டு பேரும் சொன்னது பொருந்துகிற இடங்களில் அப்படியே சொல்கிறேன். பொருந்தாத இடங்களில் ரதியை நம்பியிருக்கிறேன்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு. இந்தக் குளிர் நாட்டில், சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் கட்டிடம் ஒன்றில், எனக்கு இரண்டு கதவு தள்ளி ரதியும் அவள் புருசன் வாகீசனும் இருந்தார்கள். ரதிக்குப் பிக்கரிங்கில் வயதானவர்களைப் பராமரிக்கிற ஒரு நிலையத்தில் வேலை. சப்வே, பஸ், பிறகு இன்னொரு பஸ். போய் இறங்கும்போதே பாதி நாள் வேலை செய்த களைப்பு வந்துவிடும் என்பாள். அதனால் தன் பெயரில் ஒரு கார் வாங்கினாள். கைமாறி வந்த சின்ன ஜப்பான் கார். பின் சீற்றில் இருந்தால் முழங்கால் நாடியில் முட்டும். ஆனால் அதிகம் காஸ், இங்கே பெற்றோலுக்கு அதுதான் பேர், குடிக்காது என்று விற்றவன் சொன்னது உண்மைதான்.

அந்த வருசக் கோடையில் வாகீசனின் தமையன் இராசரத்தினம் ஊரிலிருந்து வந்து சேர்ந்தார். மனைவி ஜெயமலரும் இரண்டு பெண்பிள்ளைகளும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிட வேண்டும் என்றால் இவர் இங்கே ஒரு வேலையில் நிலையாக நிற்க வேண்டும். ஐம்பது வயது, இங்கிலீஸ் மட்டுமட்டு. கிடைத்தது பேப்பர் போடுகிற வேலை. ரூஜ் பக்கம் அப்போது புது வீடுகள் வரிசை வரிசையாக எழும்பிக்கொண்டிருந்தன. சனம் கதவைத் திறக்க முதல் வாசலில் பேப்பர் கிடக்க வேண்டும். அதற்குக் கார் வேண்டும்.

ரதி யோசிக்கவே இல்லை. கதவுக்குப் பக்கத்து ஆணியில் காரின் திறப்பை, சாவியைத்தான், கொழுவி, விடிய நீங்கள் கொண்டு போங்கோ அத்தான், நான் வேலைக்கு வெளிக்கிட முதல் கொண்டு வந்து விட்டால் காணும் என்று சொல்லிவிட்டாள். அந்தத் திறப்பு அவர் கைக்கு வந்தால்தான் வேலை. வேலை இருந்தால்தான் ஜெயமலரும் பிள்ளைகளும். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கோ.

இராசரத்தினம் ஊரில் வாடகைக் கார் ஓடினவர். பொருளாதாரத் தடை போட்டுப் பெற்றோல் கண்ணில் காணக் கிடைக்காத காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடினவர். ஒரு சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருப்பாராம். அதைக் காபரேற்றருக்குள் துளித் துளியாய் விட்டு எஞ்சினை எழுப்பிவிட்டு, பிறகு மண்ணெண்ணெயைக் குடிக்க விடுவாராம். எங்கள் கட்டிடத்தில் எந்தப் பிறந்தநாள் வீட்டிலும் இந்தக் கதையைக் கேட்காமல் அவரை விடமாட்டார்கள். ஏற்றத்தில் எஞ்சின் கத்துகிற சத்தத்தை வாயால் போட்டுக் காட்டுவார். சின்னப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். அண்ணையை விட்டால் நல்லெண்ணெயிலும் ஓடுவார் என்று பெரியவர்கள் பகிடி பண்ணுவார்கள். வாகீசனும் அப்போது சேர்ந்து சிரித்தவன்தான்.

தை மாதம் கார் சத்தம் போடத் தொடங்கியது.

டொன் வலி ஹைவேயில் ஏற்றம் வருகிற இடத்தில், வேகம் எடுக்கும்போது, கீழேயிருந்து கடகடவென்று ஒரு சத்தம். நான் பின்னால் இருந்தேன். கோயிலுக்குப் போகிற வழி. வாகீசன் கார் ஓடிக்கொண்டிருந்தான். அவன் காலை எடுத்தால் சத்தம் நின்றது, அமத்தினால் திரும்பவும் வந்தது. கோயிலில் கண்ணை மூடி நின்றபோதும் அவன் முகம் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தது.

தன்னோடு ஃபக்ரறியில் வேலை செய்த சீமோனிடம் போய்க் கேட்டான். சீமோன் வந்த புதிதில் ஒரு கராச்சில் நின்றவன். நின்றது கொஞ்ச நாள்தான் என்றாலும் பேச்சு வாழ்நாள் மெக்கானிக்கின் பேச்சு.

"உது எஞ்சின் தட்டுற சத்தம்," என்றானாம் சீமோன். "பம்பில மூண்டு நம்பர் பாத்திருப்பாய். எண்பத்தேழு, எண்பத்தொன்பது, தொண்ணூற்றொண்டு. நம்பர் கூடினால் பலம் கூட எண்டு எங்கட சனம் நினைக்குது. பலம் இல்லை, பொறுமை. எஞ்சின் அமுக்கேக்கை பெற்றோல் தன்ர நேரம் வரும் மட்டும் பத்தி எரியாமல் இருக்கிற பொறுமை. உன்ர சின்னக் கார் பெரிசா அமுக்காது, அதுக்கு எண்பத்தேழே காணும். எண்பத்தேழு ஊத்தியும் தட்டுதெண்டால்..." இந்த இடத்தில் குரலைத் தாழ்த்தினானாம். "ஊத்தினது எண்பத்தேழு இல்லை. மண்ணெண்ணெய் கிண்ணெண்ணெய் கலந்தால் இப்பிடித் தட்டும்."

சீமோனுக்கு இராசரத்தினத்தின் கதை தெரியாது. தெரியாமல் சொன்னதால்தான் அந்தச் சொல் வாகீசனின் மனதில் ஆழமாய் இறங்கிவிட்டது.

அன்றைக்கே பார்க்கிங்கிற்குப் போய்க் காஸ் ராங்கின் மூடியைத் திறந்து மணந்து பார்த்தான். பெற்றோல் மணத்தது. அதற்குள் வேறு ஏதும் இருக்கிறதா என்று மூக்கால் எப்படிப் பிரிப்பது? வீட்டில் தமையனின் கையுறையை எடுத்து மணந்தான். பேப்பர் மை மணத்தது. மண்ணெண்ணெய் இங்கே எங்கே விற்கிறார்கள் என்று மெதுவாக விசாரித்தான். சாமான் கடைகளில் தகரத்தில் கிடைக்கும் என்றார்கள். கிடைக்கும் என்று தெரிந்ததே அவனுக்கு அரைவாசிச் சாட்சி ஆகிவிட்டது.

நேரே கேட்டிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். ரதியும் அதைத்தான் சொன்னாள். ஆனால் தகப்பன் செத்த பிறகு வாகீசனைப் படிப்பிச்சதும் கப்பல் ஏற்றாத குறையாக இங்கே அனுப்பி வைத்ததும் அந்தத் தமையன்தான். இராசரத்தினம் கதிரையில் இருந்தால் இவன் இன்னும் எதிரில் கால் மேல் கால் போட்டு இருக்கமாட்டான். அப்படிப்பட்டவரிடம் போய், அண்ணை, நீங்கள் காருக்குள் என்ன ஊத்துகிறீர்கள் என்று கேட்கிறதாவது. அந்தக் கேள்விக்கு எங்கள் ஆட்களிடம் வாய் இல்லை. வாய் இல்லாத இடத்தில் மூக்கும் கண்ணும் வேலை செய்யத் தொடங்கிவிடும்.

கேட்கமாட்டான், ஆனால் காரைக் காப்பாற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மா காரை ஓடிவிட்டு வாறன் என்று போய், தொண்ணூற்றொன்று ஊற்றிக்கொண்டு வந்தான். கெட்டதை நல்லதால் கழுவுகிற யோசனை. ரதிக்குச் சொல்லவில்லை.

ரதிக்கும் சத்தம் கேட்டதுதானே. அவள் டாஷ்போர்டுக்குள் கிடந்த காரின் கையேட்டை எடுத்து வாசித்தாள். எண்பத்தேழு காணும் என்று தெளிவாகப் போட்டிருந்தது. அவள் எப்போதும் ஊற்றினதும் அதுதான். ஆகவே பெற்றோலில் பிழை இல்லை என்று அவள் பேசாமல் இருந்தாள். அவளுடைய சந்தேகம் வேறு பக்கம் போனது. ஒரு நாள் என்னிடம் வந்து, அன்ரி, இவர் அடிக்கடி பார்க்கிங்கில போய்க் காஸ் மூடிக்குப் பக்கத்தில குந்தியிருக்கிறார், கேட்டால் ரயர் பார்த்தனான் எண்டுறார் என்றாள். அத்தான் எவ்வளவு காஸ் எரிக்கிறார் என்று கணக்குப் பார்த்து, அதைச் சாட்டாக வைத்து அவரை வீட்டை விட்டு அனுப்பப் பார்க்கிறானோ என்று அவளுக்குப் பயம். என் தேத்தண்ணி ஆறும் வரைக்கும் அவள் அதையே சொன்னாள். நான் என்ன சொல்ல? வாகீசன் அப்படிப்பட்டவன் இல்லை என்றேன். அவள் போன பிறகு நானும் பல்கனிக்குப் போய்ப் பார்க்கிங்கை எட்டிப் பார்த்தேன், பாருங்கோ. சந்தேகம் ஒட்டுகிற சாமான்.

பிறகு ஒரு காலை. மைனஸ் இருபது. வாகீசன் இரவு வேலை முடிந்து, தண்டவாளத்தில் ஓடுகிற ஸ்ரீட்காரில் வந்து இறங்கி, கட்டிடத்தின் பின்பக்கத்தால் வருகிறான். இராசரத்தினம் பேப்பர் போட்டுவிட்டு வந்து காரை நிறுத்தியிருந்தார். காரின் பக்கத்தில் குனிந்து நிற்கிறார். கையில் ஒரு சின்னப் போத்தல். காஸ் ராங்குக்குள் மெல்லச் சரித்து ஊற்றுகிறார். ஊற்றி முடித்து, போத்தலைத் தட்டிக் கடைசித் துளியையும் விட்டார்.

வாகீசன் ஒரு வானுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றுவிட்டான். அவர் மேலே போகும் வரைக்கும் குளிரில் நின்றான். பிறந்தநாள் வீடுகளில் கதையாய்க் கேட்டுக் கைதட்டிச் சிரித்த அந்தச் சின்னப் போத்தலே அவனுக்கு இப்போது கண்ணில் நின்றது.

அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆணியில் திறப்பு இல்லை. கார் சரியில்லை அண்ணை, கராச்சுக்குக் கொண்டுபோக வேணும் என்று சுவரைப் பார்த்துச் சொன்னான் வாகீசன். இராசரத்தினம் ஓம் என்றார். அடுத்த நாள் பேப்பர் போடுகிற நேரம் கார் பார்க்கிங்கிலேயே நின்றது. பிறகு ரதி அதில்தான் வேலைக்குப் போனாள். அதை அவர் பல்கனியில் இருந்து பார்த்தார். அதற்கடுத்த நாளும் அப்படியே. பேப்பர் கொடுக்கிறவன் ரெலிபோனில் கத்தினான்: இன்னொரு நாள் வராவிட்டால் அந்தத் தெருக்களை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவான். இராசரத்தினம் ரெலிபோனை வைத்துவிட்டு, கொழும்புக்கு ரெலிபோன் எடுக்கிறதற்கு வாங்கி வைத்திருந்த கார்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாராம். எடுக்கவில்லை.

ரதிக்குப் பொறுக்கவில்லை. புருசனை அறைக்குள் கூப்பிட்டுக் கேட்டாள். அவன் போத்தல் கதையைச் சொன்னான். நீங்கள் கண்டது உண்மையாவே இருக்கட்டும், ஆனால் அந்த மனிசன்ர வேலை போனால் மூண்டு சீவன் அங்க அந்தரிக்கும், நாளைக்கு நீங்களே அவரை ஏத்திக்கொண்டு போங்கோ என்றாள்.

வாகீசனுக்கு அது பொருத்தமாகப்பட்டது. தான் ஓடினால் திறப்பும் தன் கையில், காஸ் மூடியும் தன் கண்ணில்.

அன்றிரவு வேலைக்கு லீவு சொல்லிவிட்டு நின்றான், விடிய இரண்டு பேரும் போனார்கள். மடியில் பேப்பர் கட்டோடு தமையன் பக்கத்தில். கிங்ஸ்ரன் வீதியில் காஸ் காட்டுகிற முள் கீழே இறங்கிவிட்டது. வாகீசன் வேண்டுமென்றேதான் அதுவரை ஊற்றாமல் வந்தவன். தமையன் எந்த இடத்தைக் காட்டுகிறார், அங்கே என்ன செய்கிறார் என்று பார்க்க வேண்டும். காஸ் எங்க அடிக்கிறனீங்கள் அண்ணை என்று கேட்டான். அவர் ஒரு காஸ் ஸ்டேசனைக் காட்டினார்.

அங்கே காஸ் ஊற்றுகிறதற்கு ஒரு தமிழ்ப் பிள்ளை நின்றாள். எமில்டா என்று பெயர், மன்னார்ப் பக்கம். தலையில் தொப்பி, கழுத்து வரைக்கும் மப்ளர், கண் மட்டும் வெளியில். வாகீசன் பக்கத்து ஜன்னலுக்கு வந்தவள் அவனைத் தாண்டி உள்ளே பார்த்தாள்.

"என்ன அண்ணை, இண்டைக்கு ட்ரைவர் வச்சு வாறியள்?" என்றாள். "வழமை போல பிரீமியம்தானே? தண்ணி உறையாத மருந்து ஒண்டும் தரட்டோ, இன்னும் குளிராம்."

வாகீசன் தமையனைத் திரும்பிப் பார்த்தான். அவர் மடியிலிருந்த பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மருந்து?" என்றான் வாகீசன்.

அவள் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்துக் காட்டினாள். காஸ் ராங்குக்குள் ஈரம் உறைந்து கார் நின்றுவிடாமல் எல்லாரும் விண்டரில் ஊற்றுகிறது, உங்களுக்குத் தெரியாதோ என்று கேட்டாள். பிறகு பகிடியாக, "நான் பிரீமியம் வேண்டாம், இதுக்கு ரெகுலர் காணும் எண்டு சொல்லிப் பாத்தன். உவர் கேக்கிறாரில்லை. இந்தளவு காருக்குத் தொண்ணூற்றொண்டு குடுக்கிற ஆள் இந்த றோட்டில இவர் ஒராள்தான்" என்றாள்.

ஒரு மனிதன் வெட்கப்பட வேண்டிய இடம் இது. ஆனால் வாகீசனின் மனதில் முதலில் வந்தது வெட்கம் இல்லை. சொல்லி வைத்து நடத்துகிறார்களோ என்றுதான் வந்ததாம். அவளைக் கண்டவுடன் தமையன் கண்ணைக் காட்டியிருப்பாரோ என்று. சந்தேகம் பழகிவிட்டால் அப்படித்தான், பிள்ளைகள். கதவைத் திறந்து விட்டாலும் அது வெளியே போகாது, கதவு ஏன் திறந்தது என்று கேட்கும்.

ஸ்டேசனை விட்டு வெளிக்கிட்டார்கள். வீதி ஏறுகிற இடத்தில் கடகடவென்று சத்தம். வாகீசன் அதைத்தான் பிடித்துக்கொண்டான்.

"பிரீமியம்தான் ஊத்திறியள் எண்டால், உது ஏன் தட்டுது?"

"அதைத்தான் நான் உன்னட்டைக் கேக்க வேணும்," என்றார் இராசரத்தினம்.

வாகீசன் காரை ஓரங்கட்டினான்.

"என்னட்டையோ?"

"உன்னட்டைத்தான். நான் ஊரில எஞ்சினுகளுக்கு நஞ்சு பருக்கினனான் வாகீசன். ஏத்தத்தில அது கத்தும். பின்னால காயக்காரர் கிடப்பினம், நிப்பாட்டேலாது. கத்தக் கத்த ஓடினனான். இஞ்ச அந்தச் சத்தம் கேட்டவுடன எனக்கு நெஞ்சு பதறிப் போச்சு. நீ எங்கயோ மலிஞ்ச சாமான் வாங்கி ஊத்திறாய் எண்டு நினைச்சன். நீயும் எந்த நேரமும் அந்த மூடிக்குப் பக்கத்தில தானே நிக்கிறாய்."

"கேட்டிருக்கலாமே அண்ணை."

"உன்ர வீட்டில சாப்பிட்டுக்கொண்டு, உன்ர ஹோலில படுத்துக்கொண்டு, என்னடா ஊத்திறாய் எண்டு கேக்கலாமோ? ரதிப் பிள்ளை தினம் போற கார். நடு ஹைவேயில நிண்டால் என்ன செய்யிறது? அதுதான் இருக்கிறதுக்குள்ள நல்லதாப் பாத்து ஊத்தினன். என்ர காசில."

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நின்ற இடத்தில் வாகீசன் மெல்ல அமத்திப் பார்த்தான். கடகட. விட்டான். நின்றது. திரும்பவும் அமத்தினான்.

இராசரத்தினம் தலையைச் சரித்துக் கேட்டார். பேப்பர் கட்டைச் சீற்றில் வைத்துவிட்டு இறங்கினார். சினோப் பனியில் மல்லாக்கப் படுத்து, ரோச் லைற்றோடு காருக்குக் கீழே போனார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து அவர் கை ஒரு தகரத்தைத் தட்டுகிற சத்தம் கேட்டது. அதே சத்தம். சைலன்சர் குழாயின் சூடு மேலே ஏறாமல் மறைத்துப் பூட்டியிருக்கிற தகரம். பனி உருக றோட்டில் கொட்டுகிற உப்பு அதன் ஆணியைத் தின்றுவிட்டது. தகரம் தொங்கிக்கொண்டு, எஞ்சின் முறுகும்போதெல்லாம் குழாயில் அடித்திருக்கிறது. பெற்றோலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எண்பத்தேழு ஊற்றினாலும் அடிக்கும், தொண்ணூற்றொன்று ஊற்றினாலும் அடிக்கும்.

பின் சீற்றில் ரதியின் வேலைச் சட்டை கொழுவியிருந்த கம்பி ஹாங்கரை வாங்கி வளைத்துக் கட்டினார். வெளியே வந்து முதுகுச் சினோவைத் தட்டாமலே நின்றார்.

"ஊரில ஒவ்வொரு நாளும் காருக்குக் கீழதான் கிடந்தனான்," என்றார். "இஞ்ச ஒருக்காக்கூடக் குனிஞ்சு பாக்கேல்லை. மண்ணெண்ணெய்ச் சத்தம் எண்டு கேட்டவுடனயே முடிவெடுத்திட்டன்."

வாகீசனும் அதையேதான் கேட்டிருந்தான்.

மிச்சப் பேப்பர்களைப் போட்டார்கள். அதற்குள் இராசரத்தினம் மற்றதையும் யோசித்து முடித்துவிட்டார். கராச்சுக்குப் போகாத கார். ஆணியில் இல்லாத திறப்பு. இன்றைக்குத் தம்பி தானாகவே ஓட வந்தது. ஒரு வாசலில் பேப்பரை வைத்துவிட்டு வந்து கதவைச் சாத்தியவர், நீ என்னை என்னவெண்டு நினைச்சாய் என்று மட்டும் கேட்டார். வாகீசனுக்குப் பொய் வரவில்லை. மண்ணெண்ணெய் என்றான்.

ரதி ஜக்கெற்றோடு கீழே வாசலில் காத்துக்கொண்டு நின்றாள். வாகீசன் இறங்கி வந்து எல்லாவற்றையும் அவசரம் அவசரமாகச் சொன்னான்: போத்தல், மருந்து, தகரம், தான் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊற்றின தொண்ணூற்றொன்று. நான் எண்பத்தேழுதான் ஊத்தினனான் என்றாள் அவள். அந்தச் சின்ன ராங்குக்குள் மூன்று பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஊற்றியிருக்கிறார்கள். இன்னொரு நாளாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள்.

இராசரத்தினம் எஞ்சினை நிற்பாட்டி, காரில் கிடந்த திறப்பை எடுத்துக்கொண்டு வந்தார். தம்பியைத் தாண்டி வந்து ரதிக்கு நீட்டினார்.

"உன்ர கார் பிள்ளை. நாளையில இருந்து நான் வேற வழி பாக்கிறன். இருக்கிறதுக்கும் ஒரு இடம் பாப்பன்."

ரதி அந்தத் திறப்பைப் பார்த்தாள். கையை ஜக்கெற் பைக்குள்ளேயே வைத்திருந்தாள். அவர் நீட்டின கை குளிரில் அப்படியே நின்றது. வேலை, கொழும்பு லொட்ஜ், ஜெயமலர், பிள்ளைகள், எல்லாம் அந்தக் கையில் இருந்தது. அது மூன்று பேருக்கும் தெரியும். அவள் அவரைச் சுற்றிப் போய், ட்ரைவர் பக்கம் இல்லை, மற்றப் பக்கக் கதவைத் திறந்து ஏறி இருந்தாள்.

"எனக்கு நேரம் போச்சு அத்தான்," என்றாள். "நீங்களே ஓடுங்கோ. ராத்திரி நித்திரை இல்லை, பிக்கரிங் போகும் மட்டும் நான் கொஞ்சம் கண் மூடப் போறன்."

அவர் அசையவில்லை. அப்போது வாகீசன் பின் கதவைத் திறந்தான். இரவு வேலை செய்து பழகின உடம்பு, அந்த நேரம் அவன் படுக்கப் போயிருக்க வேண்டும். முழங்காலை மடித்து, நாடியில் முட்ட, பின் சீற்றுக்குள் தன்னைத் திணித்துக்கொண்டு கதவைச் சாத்தினான். முன் சீற்றைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாங்கோ அண்ணை என்று கூப்பிடுகிற துணிவு அவனுக்கு இல்லை. ஆனால் வந்து இருந்தான்.

கடைசியில் இராசரத்தினம் ஏறினார்.

ஏற்றம் வந்தபோது அவரும் தம்பியும் மூச்சைப் பிடித்துக் காது கொடுத்தார்களாம். ஒரு சத்தமும் இல்லை. ரதி சொன்னபடி கண் மூடியிருந்தாள். நித்திரை போகிறதற்கு முன் மட்டும் ஒரு வார்த்தை சொன்னாள்: இனி ரெகுலரே ஊத்துங்கோ அத்தான், உதுக்கு அது காணும். ஓம் பிள்ளை என்றார்.

பேப்பர் வேலையில் அவர் நின்றார். அடுத்த வருசம் ஜெயமலரும் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். ரெகுலரைத்தான் ஊற்றினாரா, இல்லை அந்தப் பழைய பயத்தில் ஒளித்து ஒளித்துத் தொண்ணூற்றொன்றே ஊற்றினாரா, எனக்குத் தெரியாது. ரதிக்கும் தெரியாது. வாகீசன் பார்க்கப் போகவில்லை.